துரை பங்களாவுக்கு எவ்வளவு நெருப்பு வேண்டும்?

கேள்வி: ஐயா, என் அப்பா கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டில், வெள்ளைக்காரத் துரை இருந்த பழைய பங்களா ஒன்றை வாங்கி நானும் கணவரும் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வரவேற்பறையில் குளிர்காயச் செங்கல் கணப்பு இருக்கிறது. மூட்டினால் பாதிப் புகை வீட்டுக்குள்தான் வருகிறது. கோலாலம்பூரில் ஒரு கடையில் விசாரித்தோம். கணப்புக்குள் செருகும் கண்ணாடிக் கதவு போட்ட விறகு இன்சர்ட்டை வாங்கச் சொன்னார்கள். 12 கிலோவாட் மாடல்தான் சரிவருமாம். பழைய புகைபோக்கியே போதும், உள்ளே குழாய் எதுவும் இறக்க வேண்டாமாம். அறை 18 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி. கணப்பின் வாய் அகலம் மூன்றரை அடி, உயரம் மூன்றடி. புகைபோக்கி உள்ளளவு 9 அங்குலச் சதுரம். கையில் 15,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. மாமியாருக்கு ஆஸ்துமா, குளிரும் தாங்காது. விறகுக்குப் பஞ்சமில்லை. எந்த இன்சர்ட் வாங்கலாம்?

— ஒரு வாசகி, ரிங்லெட்

அன்புள்ள சகோதரி,

அளவுகளை எழுதி அனுப்பினீர்களே, அதற்கே முதலில் ஒரு கும்பிடு. "எங்கள் வீட்டுக்கு எது நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். செம்பனை ஆலை பாய்லர், அப்புறம் தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் உலை என்று முப்பது வருடம் நெருப்புக்கு முன்னால் நின்றவன் நான். அளவு தெரியாமல் நெருப்பைப் பற்றிப் பேச எனக்கு வராது.

சுருக்கமான பதில் இது. 12 கிலோவாட் வேண்டாம். 5 கிலோவாட்டே உங்களுக்குத் தாராளம். புகைபோக்கிக்குள் குழாய் இறக்க வேண்டாம் என்று சொன்னவரிடம் எதையுமே வாங்காதீர்கள். 15,000 வெள்ளியில் அடுப்புக்குப் பாதிக்கு மேல் போடவும் வேண்டாம். மீதிப் பணத்துக்குப் புகைபோக்கியிலும் விறகுக் கொட்டகையிலும் வேலை இருக்கிறது.

முதலில் புகை ஏன் திரும்பி வருகிறது என்று பார்ப்போம். கணப்பின் வாய் 42 அங்குலத்துக்கு 36, அதாவது 1,512 சதுர அங்குலம். புகைபோக்கி 9க்கு 9, வெறும் 81 சதுர அங்குலம். திறந்த கணப்பு ஒழுங்காக இழுக்க வேண்டுமானால் புகைபோக்கியின் பரப்பு வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்காவது, போனால் போகிறது பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். உங்களுடையது பதினெட்டில் ஒரு பங்குகூட இல்லை. அண்டா நிறையத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஸ்ட்ராவில் உறிஞ்சச் சொன்ன கதைதான். விறகையும் காற்றையும் நீங்கள் எத்தனை தடவை குறை சொன்னாலும் புகை அறைக்குத்தான் வரும். கட்டியவரே தப்பாகக் கட்டியிருக்கலாம், பிற்காலத்தில் யாராவது வாயைப் பெரிதாக்கியும் இருக்கலாம். 1929இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தை ஒட்டி இந்த மலையில் எழுந்த பங்களாக்களில், கணப்பைத் துரைமார் குளிருக்காகக் கட்டியதைவிடச் சொந்த ஊர் ஞாபகத்துக்காகக் கட்டியது அதிகம் என்பது என் எண்ணம்.

கதவு போட்ட அடுப்புக்கு இந்தக் கணக்கே வேறு. வாய் மூடியிருப்பதால் உள்ளே போகும் காற்று குறைவு, அதனால் 6 அங்குலக் குழாயே போதும். அறைச் சூட்டைப் புகைபோக்கி வழியாக இழுத்து வெளியே கொட்டும் வேலையும் நின்றுவிடும். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 20 விழுக்காடுதான் அறைக்குக் கிடைக்கும். நல்ல இன்சர்ட்டில் 70, 75 விழுக்காடு கிடைக்கும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 கிலோவாட் மணி சூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணி நேரம் 3 கிலோவாட் வேண்டுமென்றால் இன்சர்ட்டில் 4 கிலோ விறகு போதும். இப்போது நீங்கள் மூட்டும் கணப்பில் அதே சூட்டுக்கு 20 கிலோ போகும். ஆகவே கதவு போட்ட அடுப்பு என்ற யோசனை சரியானதுதான். கடைக்காரர் சொன்ன அளவுதான் தப்பு.

உங்கள் அறை 2,700 கன அடி, ஏறக்குறைய 76 கன மீட்டர். இங்கிலாந்தில் அறையின் கன மீட்டரை 14ஆல் வகுத்து எத்தனை கிலோவாட் என்று சொல்வார்கள். உங்களுக்கு ஐந்தரை வரும். ஆனால் அந்தக் கணக்கு, வெளியே தண்ணீர் உறையும் குளிர் இருக்கும்போது உள்ளே 21 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கானது. ஏற்ற வேண்டியது 21 டிகிரி. ரிங்லெட் எங்கே, அந்தக் குளிர் எங்கே? கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 7.8 டிகிரிதான், அதுவும் 1978இல். மலையின் முக்கிய ஊரான தானா ரத்தாவைவிட நீங்கள் கீழே இருக்கிறீர்கள், ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். சாதாரண இரவில் நீங்கள் ஏற்ற வேண்டியது ஆறேழு டிகிரி. கணக்குப்படி 2 கிலோவாட்டுக்கும் குறைவு. பழைய பங்களா, சன்னல் இடுக்கெல்லாம் காற்று வரும் என்று இரட்டிப்பாக்குங்கள். சில்லிட்ட செங்கல் சுவர் சூடேறக் கொஞ்சம் சேருங்கள். அப்படியும் 5க்கு மேல் போகாது.

பெரிதாக வாங்கி மெதுவாக எரித்தால் என்ன என்று கேட்பீர்கள். நானே அந்தத் தவறைச் செய்தவன். பல வருடங்களுக்கு முன்னால், மலையில் ஒரு வீட்டுக்கு 8 கிலோவாட் அடுப்பு வைத்துக் கொடுத்தேன். முதல் வாரம் வீட்டுக்காரர்கள் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் காற்றுத் திருகைக் கிட்டத்தட்ட முழுதாக மூடி விறகைப் புகையவிடப் பழகினார்கள். கண்ணாடி கறுத்தது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், புகைபோக்கித் தொப்பியின் வலை தார் பிடித்து அடைத்துக் கிடந்தது. காற்று பற்றாமல் எரியும் விறகு சூட்டைக் கொடுப்பதற்குப் பதிலாகக் கிரியோசோட் என்ற பிசுபிசுப்பான தாரைக் கொடுக்கும். அது குழாயில் படிந்து ஒருநாள் தீப்பிடித்தால் உள்ளே சூடு 1,000 டிகிரியைத் தொடும். உங்கள் கூரை மரச்சட்டம் அந்தச் செங்கல்லை ஒட்டித்தான் போகிறது என்பதை மறக்காதீர்கள். சின்ன அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிப்பதுதான் சரியான முறை.

12 கிலோவாட் என்று அவர் ஏன் சொன்னார்? உங்கள் கணப்பின் ஓட்டை பெரிது, அதை நிரப்பப் பெரிய பெட்டி வேண்டும். அவர் பார்த்தது அறையை இல்லை, ஓட்டையை. 5 கிலோவாட் பெட்டியைச் சுற்றி இடம் மிஞ்சத்தான் செய்யும். அதைச் செங்கல் கட்டியோ இரும்புத் தகடு போட்டோ அடைக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது. இவ்வளவு பெரிய குழியில் இன்சர்ட்டுக்குப் பதிலாகக் கால் வைத்த சின்ன விறகு அடுப்பையே உள்ளே நிறுத்திவிடலாம். நாலு பக்கமும் சூடு பரவும், விசிறி தேவையில்லை, மின்சாரம் போனாலும் கவலையில்லை. என் வீடாக இருந்தால் அதைத்தான் செய்வேன். குழியின் ஆழத்தை எழுத மறந்துவிட்டீர்கள். அதை அளந்துவிட்டு, அடுப்புக்குப் பின்னாலும் இரு பக்கமும் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று அதன் கையேட்டில் பாருங்கள்.

எந்த வகையை எடுத்தாலும், ஐரோப்பாவில் இருந்து வருவதானால் 2022 முதல் அங்கே நடப்பில் உள்ள, அடுப்பின் புகைக்கும் திறனுக்கும் எல்லை வைக்கும் ஈகோடிசைன் விதிக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். இன்சர்ட்டுக்குத் தரச்சான்று எண் இஎன் 13229, புதிதாக வருபவற்றில் இஎன் 16510. அமெரிக்க அடுப்பு என்றால் அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இபிஏ) 2020 சான்று இருக்கவேண்டும். எண்ணைக் கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால், வெளியே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வேறு கடை பாருங்கள். வார்ப்பிரும்பா, எஃகா என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், எஃகு சீக்கிரம் சூடாகும். மாலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் எரிக்கிற வீட்டுக்கு எஃகு தோது.

இப்போது புகைபோக்கிக்கு வருவோம், செலவும் இங்கேதான். குழாய் இறக்காமல் அடுப்பைப் பழைய புகைபோக்கிக்குக் கீழே வெறுமனே செருகிவிட்டால், கொஞ்சமாக வரும் புகை அந்த அகலமான, சில்லிட்ட செங்கல் கூண்டுக்குள் ஏறும்போதே ஆறிப்போகும். ஆறிய புகை மேலே போகாது, சுவரில் தாராகப் படியும். ஒரு வருடத்தில் படுக்கையறைப் பக்கத்துச் சுவரில் பழுப்புக் கறை தெரியும். சுண்ணாம்புக் காரை விட்டுப்போன இடுக்கு வழியாக விஷவாயுவும் கசியலாம். அதனால் அடுப்பின் கழுத்தில் இருந்து கூரைத் தொப்பி வரை, நடுவில் எங்கேயும் அறுபடாமல், 6 அங்குலத் துருப்பிடிக்காத எஃகு லைனர், அதாவது உட்குழாய், இறங்க வேண்டும். 316 தரம் விறகுக்குப் போதும். பணம் இடம் கொடுத்தால் 904 தரம் எடுங்கள், எரிக்காத நாட்களின் ஈரத்தையும் புளிப்பையும் அது கூடுதலாகத் தாங்கும். வளையும் லைனரில் அம்புக்குறி போட்டிருக்கும். அது மேல்நோக்கி இருக்கவேண்டும். தலைகீழாக இறக்கிவிட்டுப் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் உள்ளே வடியும் தார் மடிப்பு இடுக்கில் புகுந்துவிடும்.

லைனரைச் சுற்றி வெப்பம் காக்கும் பொருள் வேண்டும். வெளிநாட்டில் வெர்மிகுலைட் என்ற லேசான கனிம மணியை மேலிருந்து கொட்டுவார்கள். நம் மலை மழைக்கு எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கூரை ஓரத்தில் ஒரு சொட்டு ஒழுகினாலும் அது நனைந்து கிடக்கும். லைனரைச் சுற்றிக் கட்டும், தீப்பிடிக்காத கனிமக் கம்பளி வகையே மேல்.

லைனர் இறங்குவதற்கு முன்னால் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, கயிற்றில் கேமரா கட்டி உள்ளே பாருங்கள். எரிக்காமல் கிடந்த புகைபோக்கியில் மைனா கூடு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மேலே மழைத் தொப்பி கட்டாயம். அடுப்புக்கு மேலே குழாய் குறைந்தது நாலரை மீட்டர் உயரம் போகவேண்டும், கூரை முகட்டை விட இரண்டடி மேலே நிற்கவேண்டும். சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறி இருக்கிறதா? அது ஓடும்போது அடுப்பின் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பலாம். இரண்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்காமல் வேலைக்காரர்களை அனுப்பாதீர்கள். இந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவர்கள் நம் நாட்டில் குறைவு. பாய்லர் குழாய் வேலை தெரிந்தவரைப் பிடித்து, கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே மேற்பார்வை பாருங்கள். சுவரை இடிக்க வேண்டிவந்தால் மாவட்ட மன்றத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தீக்காப்புறுதி இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

விறகுக்குப் பஞ்சமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரி, காய்ந்த விறகு இருக்கிறதா? இன்சர்ட்டுக்கு விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். வெட்டிய கையோடு அது 50க்கு மேலேகூட இருக்கும். கொட்டகையில் இரண்டு வருடம் அடுக்கிவைத்தால் சரியாகிவிடும் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். அந்தப் புத்தகம் எழுதியவர் ரிங்லெட் மழையைப் பார்த்ததில்லை. மரம் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றுக்கு ஏற்றபடிதான் காயும். காற்றில் ஈரப்பதம் 85, 90 விழுக்காடு என்றால் மரம் 18, 20 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். பத்து வருடம் வைத்திருந்தாலும் அதற்குக் கீழே இறங்காது. அதாவது கொட்டகை விறகு எப்போதும் எல்லைக் கோட்டில்தான் நிற்கும், ஒரு வாரம் அடைமழை பிடித்தால் கோட்டைத் தாண்டிவிடும்.

இதற்குப் பரிகாரம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. சுற்றிலும் காய்கறித் தோட்டக்காரர்கள் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கூடாரம். அந்த மாதிரி சின்னதாக ஒன்றைப் போடுங்கள். தரையில் இருந்து ஓரடி உயரத்தில் பலகை, மேலே இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி. வெயில் அடிக்கும் சில மணி நேரத்தில் உள்ளே சூடு ஏறும், ஈரப்பதம் இறங்கும். விறகு வெளியே காய்வதைவிட நன்றாகக் காயும். அப்புறம் அடுத்த மூன்று நான்கு நாளுக்கு வேண்டியதை வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் நம் பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு போட்டுவைத்தது இதற்குத்தான். நீங்கள் மட்டும் அடுப்பின் மேலோ ஒட்டியோ வைக்காமல் மூன்றடி தள்ளி வையுங்கள். ஈரம் அளக்கும் சின்னக் கருவி விற்கிறது, ஒன்று வாங்குங்கள். கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் குத்திப் பார்க்கவேண்டும், வெளித்தோலில் குத்தினால் பொய் சொல்லும். கருவி கையில் இல்லாதபோது இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் அடுப்புக்கு, 'தொப்' என்றால் கொட்டகைக்குத் திரும்ப. உலையில் எங்களுக்கு மூத்தவர் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

என்ன மரம்? பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டை அருமையானது, கனமாக நின்று எரியும். மண்ணைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கீழே தாப்பா, பீடோர் பக்கம் கிடைக்கும் ரப்பர் கட்டையும் ரம்புத்தான் கட்டையும் நல்லவை. கீழேயே காயவைத்து ஏற்றிவரச் சொன்னால் பாதி வேலை மிச்சம். செம்பனைத் தண்டு வேண்டவே வேண்டாம், அது மரமே இல்லை, தண்ணீர் நிறைந்த நார். நாற்காலித் தொழிற்சாலைத் துண்டுகளில் பசையும் பூச்சி மருந்தும் இருக்கும். கடல் தண்ணீரில் ஊறிய கட்டையின் உப்பு எஃகு லைனரைத் தின்றுவிடும். பக்கத்துக் காட்டில் விழுந்து கிடக்கிறதே என்று எடுக்கவும் கூடாது. காப்புக்காடு என்றால் 1984ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும்.

அடுத்தது உங்கள் மாமியார். இங்கே கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். அவருக்காக மட்டும்தான் இந்தச் செலவு என்றால் செய்யாதீர்கள். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் கதவைத் திறந்து விறகு போடும்போது கொஞ்சம் புகை வெளியே வரும். அந்த நுண்துகள் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. மலையில் நமக்கு உறைக்கும் குளிரில் பாதி ஈரம்தான். போர்வை சில்லென்று இருக்கும், அலமாரி பூஞ்சணம் பிடிக்கும், தோய்த்த துணி மூன்றாம் நாளும் நாறும். 15 டிகிரியில் 95 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினாலே போதும், ஈரப்பதம் 65 பக்கம் இறங்கிவிடும். கணப்பு மூட்டியதும் "அப்பாடா" என்று இருப்பது அதனால்தான். அவருடைய படுக்கையறைக்கு ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்றும், எண்ணெய் நிரப்பிய சின்ன மின்சார ஹீட்டர் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். அறைக் கதவை மூடிவைத்தால் அந்த இரண்டுமே அவருக்கு நல்லது. எதற்கும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் கேட்பது சூட்டை அல்ல, கண்ணாடிக்குப் பின்னால் ஆடும் தழலை. அது வியாபாரத்துக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளி கையில் அடுப்பை விட்டுவிடாதீர்கள். விறகு போடுவது நீங்களோ உங்கள் ஆளோதான். இன்னொன்றையும் பயத்தோடுதான் எழுதுகிறேன். மலைக்கு வருகிறவர்கள் பார்பிக்யூ முடிந்ததும் கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் இழுத்துவைத்துக்கொண்டு தூங்குவது உண்டு. கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்கினவர் எழுந்திருக்கவே மாட்டார். ஒவ்வொரு அறையிலும் எழுதி ஒட்டுங்கள். வரவேற்பறையிலும் தூங்கும் அறைகளிலும் அந்த வாயுவுக்கான அலாரம் மாட்டுங்கள். வாங்கும்போது இஎன் 50291 என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். வரவேற்பறையில் மாட்டுவது அடுப்பில் இருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

மூட்டும் முறை. பகலில் புகைபோக்கி குளிர்ந்தும் வெளிக்காற்று சூடாகவும் இருந்தால் புகை ஏறாது. ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, குழாய் வாயில் காட்டி முதலில் அதைச் சூடாக்குங்கள். கனமான கட்டை கீழே, சிராய் மேலே, நெருப்பும் மேலே. நம் வழக்கத்துக்கு நேர்மாறுதான், ஆனால் புகை குறையும். பற்றிக்கொள்ளும் வரை கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும். புது அடுப்பை முதல் மூன்று நான்கு தடவை சின்னதாக மட்டும் எரியுங்கள். பெயின்ட் நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு தடவை குழாயைத் துடைக்கச் சொல்லுங்கள், நைலான் தூரிகையால். இரும்புத் தூரிகை லைனரைக் கீறிவிடும். ஆள் வராத மாதங்களில் சாம்பலை முழுக்க அள்ளிவிட்டு, அடுப்புக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள். சாம்பல் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றும். அள்ளிய சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் நாலைந்து நாளாவது வெளியே வைத்திருங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சாம்பலுக்குள் கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும்.

கடிதத்தின் ஓரத்தில் உங்கள் கணவர் பென்சிலில் ஒன்று கேட்டிருந்தார்: பங்களாவில் இருந்து கழற்றிய பழைய கதவு, சன்னல் மரமெல்லாம் நன்றாகக் காய்ந்து கிடக்கிறதே, எரிக்கலாமா என்று. கூடாது என்று சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும். கதவுகள் நல்ல நிலையில் இருந்தால் ஈப்போவில் பழைய மரம் வாங்குகிறவர்கள் நல்ல விலைக்கே எடுப்பார்கள், லைனர் செலவில் கொஞ்சம் குறையும்.